பொதுச் சுகாதாரத்தில் முனைவர் ஆய்வு: நோக்கமும் நெறியும்

சென்ற ஆண்டின் இறுதியில், மதரசாவில் நம்முடன் ஓதிய பழைய நண்பர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். அவருடைய இளைய மகள் ஊட்டச்சத்தியலில் இளநிலையும் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலையும் முடித்தவர். அடுத்து, உலகப் பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ள விரும்புகின்றார். நண்பருக்கு அதில் மறுப்பில்லை, ஆனால் தெளிவுமில்லை. "ஹஜ்ரத், மருத்துவம் படிக்காத பிள்ளை டாக்டர் ஆகப்போவதாகச் சொல்கிறாள். நாலைந்து வருஷம் போகும். முடித்த பிறகும் ஊசி போட முடியாது, மருந்துச் சீட்டு எழுத முடியாது. அப்படியானால் அந்தப் படிப்பு எதற்கு?" என்று கேட்டார்.

அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் அத்துறை சார்ந்த நூல்களைப் படித்தும், அத்துறையில் உழைப்போரை உசாவியும் நாம் அறிந்துகொண்டவற்றை ஈண்டுத் தொகுத்தளிக்கின்றோம். பட்டதாரிப் பிள்ளைகளைப் பெற்றுள்ள வேறு பல இல்லங்களிலும் இக்கேள்வி எழக்கூடும் என்பதே இக்கட்டுரைக்குக் காரணமாகும்.

சொல்லும் பொருளும்

'டாக்டர்' எனும் சொல் 'கற்பித்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்தது. ஆகவே, முதற்பொருளில் அது ஆசிரியரையே குறிக்கும். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கும் தகுதி பெற்றோர்க்கு வழங்கிய அப்பெயர், நாளடைவில் மருத்துவர்க்கே உரியதுபோல் மக்கள் வழக்கில் நிலைபெற்றுவிட்டது. அரபு மொழியில் மருத்துவரைச் சுட்ட 'தபீப்' எனும் தனிச்சொல் உண்டு. பட்டத்தைச் சுட்ட 'துக்தூராஹ்' எனும் கடன்சொல் உண்டு. எனினும் அரபுத் தெருக்களிலும் மருத்துவரை 'துக்தூர்' என்றே விளிக்கின்றனர். எனவே நம் நண்பரின் மயக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று.

மருத்துவர் முன் அமர்ந்திருப்பவர் ஒரு நோயாளி. பொதுச் சுகாதார ஆய்வாளர் முன் இருப்பது ஓர் ஊர், ஒரு மாவட்டம், சில வேளைகளில் ஒரு நாடு. "இந்தக் குழந்தைக்கு ஏன் வயிற்றுப்போக்கு?" என்பது மருத்துவரின் கேள்வி. "இவ்வூர்க் குழந்தைகளுக்கு மட்டும் ஏன் இத்தனை முறை வயிற்றுப்போக்கு? பக்கத்து ஊரில் ஏன் இல்லை? மருந்து இருந்தும் தாய்மார் ஏன் கொடுப்பதில்லை?" என்பன ஆய்வாளரின் கேள்விகள். இவற்றுக்கு விடைகாண மருத்துவ அறிவு மட்டும் போதாது; புள்ளியியல், மானிடவியல், பொருளியல், ஆட்சியியல், சில வேளைகளில் மொழியறிவும் வேண்டும். ஆதலின் இத்துறைக்கு மருத்துவரும் வருவர். மருத்துவர் அல்லாதாரும் வருவர்.

'உலக' எனும் அடைமொழி வெளிநாட்டைக் குறிப்பதன்று. எல்லைகளால் தடுக்க இயலாத நோய்களையும், நாடுகளுக்கிடையிலும் ஒரு நாட்டினுள்ளும் நிலவும் நலவேறுபாடுகளையும் ஒருங்கே நோக்குவதை அது குறிக்கும். சென்னையின் குடிசைப் பகுதி ஒன்றை ஆய்வதும் உலகப் பொதுச் சுகாதாரமே ஆகும்.

துறை வளர்ந்த வரலாறு

ஒப்பிட்டு அறியும் முறை பழமையானது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அபூபக்ர் அர்-ராஸி, மூளைக்காய்ச்சலின் அறிகுறிகள் கண்டோருள் ஒரு சாராருக்குக் குருதி வடித்ததாகவும், மற்றொரு சாராரை அச்சிகிச்சையின்றி வேண்டுமென்றே விட்டுவைத்ததாகவும் 'அல்-ஹாவீ' எனும் தம் பெருந்தொகுப்பில் குறித்துள்ளார். அவர் கண்ட முடிவு இன்று ஏற்கப்படுவதில்லை; ஒப்பிட்டே முடிவுகட்ட வேண்டும் என்ற அவரது எண்ணமோ நிலைத்துவிட்டது. 1348ஆம் ஆண்டின் பெருங்கொள்ளைநோயைக் கண்ணுற்ற கிரனாடாவின் இப்னுல் கதீப், நோயாளரோடு பழகியோர் மடிவதையும் ஒதுங்கியிருந்தோர் தப்புவதையும் சுட்டிக்காட்டித் தொற்று உண்டென நிறுவினார். மரபுரையின் வெளிப்பொருள் கண்கூடான உண்மையோடு முரண்படுமாயின், அதற்குத் தக்க விளக்கம் காண வேண்டும் என்றும் அவர் துணிந்து எழுதினார்.

இவ்விருவரையும் நாம் மேடைகளில் பெருமையுடன் நினைவுகூர்கின்றோம். ஆனால் முன்னோர் எண்ணிப் பார்த்தனர் என்று பேசுவது, நாம் எண்ணிப் பார்ப்பதற்கு ஈடாகாது என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

தற்காலத் துறையின் பிறப்பு வேறொரு சூழலில் நிகழ்ந்தது. 1898இல் லிவர்ப்பூலிலும் 1899இல் இலண்டனிலும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிகள் தோன்றின. குடியேற்ற நாடுகளில் பணிபுரிந்த ஆங்கிலேய அலுவலர், மாலுமிகள், வணிகர் ஆகியோரின் உடல்நலம் காப்பதே அவற்றின் முதல் அக்கறையாக இருந்தது. அமெரிக்காவில் 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் பொருளுதவியுடன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சுகாதாரவியலுக்கெனத் தனிப்பள்ளி நிறுவப்பட்டது. அவ்வறக்கட்டளையின் துணையோடு 1932இல் கல்கத்தாவில் அனைத்திந்தியச் சுகாதாரவியல், பொதுச் சுகாதார நிறுவனம் தோன்றியது. 1948இல் உலகச் சுகாதார நிறுவனம் உருவாயிற்று. 'வெப்பமண்டல மருத்துவம்' என்பது 'பன்னாட்டுச் சுகாதாரம்' என்றாகி, பின் 'உலகச் சுகாதாரம்' எனப் பெயர் மாறி வந்துள்ளது. பெயர் மாறிய அளவுக்கு மனப்பாங்கும் மாறியதா என்பது இத்துறையினரிடையே இன்றும் விவாதிக்கப்படும் கேள்வியாகும். அதனைப் பின்னர்த் தொடுவோம்.

மத்லப்: எண்ணுதலின் பள்ளி

இத்துறையில் ஆய்வு என்பது யாதென விளங்கிக்கொள்ள, பங்களாதேஷின் மத்லப் எனும் நாட்டுப்புறப் பகுதியைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை எனலாம். டாக்காவுக்குத் தென்கிழக்கே ஆறுகளும் வயல்களும் சூழ அமைந்த பகுதி அது. ஊர்ப்பெயரின் மூலம் எதுவாயினும், அரபு பயின்றோர்க்கு அது 'தேடப்படும் பொருள்' எனும் சொல்லை நினைவூட்டத் தவறாது.

1960இல் டாக்காவில் காலரா ஆய்வுக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் களநிலையம் 1963இல் மத்லபில் அமைந்தது. 1966 முதல் அப்பகுதியின் ஒவ்வொரு வீட்டிலும் நிகழும் பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு ஆகியவை இடையறாது பதிவுசெய்யப்பட்டு வருகின்றன. வெள்ளத்திலும் விடுதலைப் போருக்குப் பின்னரும் தொடர்ந்த அப்பதிவேடு, வளரும் நாடுகளில் மிக நீண்டகாலம் பேணப்படும் மக்கட்பதிவுகளுள் ஒன்றாகும். வீடு வீடாகச் சென்று கேட்டெழுதியவர்களுள் பெரும்பாலோர் அவ்வூர்ப் பெண்களே. 1978இல் அவ்வாய்வுக்கூடம் வயிற்றுப்போக்கு நோய்களுக்கான பன்னாட்டு ஆய்வு மையமாக விரிவுபெற்றது.

இத்தகைய பதிவேட்டின் பயனை ஒரு நிகழ்ச்சி விளக்கும். 1974இல் அங்குக் காலராவுக்கெதிரான ஊசி ஒன்று சோதிக்கப்பட்டது. ஒப்பீட்டுக்காக மற்றொரு சாராருக்கு டெட்டனஸ், டிஃப்தீரியா ஊசி போடப்பட்டது. பின்னர்ப் பதிவேட்டை ஆராய்ந்தபோது, டெட்டனஸ் ஊசி பெற்ற பெண்கள் ஈன்ற குழந்தைகளிடையே, பிறந்த 4 முதல் 14 நாள்களுக்குள் நேரும் இறப்பு குறைந்திருந்தது. பச்சிளங்குழந்தைகளைக் கொல்லும் டெட்டனஸை, தாய்க்கு முன்கூட்டியே ஊசி போட்டுத் தடுக்கலாம் என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. காலராவைத் தேடிச் சென்றோர்க்கு வேறொரு கேள்வியின் விடை கிடைத்தது. எழுதிவைத்திருந்ததால்தான் கிடைத்தது.

ஆய்வுக்கூடத்திலிருந்து அடுப்படிக்கு

காலரா மனிதனைக் கொல்வது கிருமியால் மட்டுமன்று. உடலின் நீரும் உப்பும் வடிந்துபோவதாலேயே உயிர் பிரிகின்றது. நரம்பின் வழியே நீரேற்றுவதே அக்காலச் சிகிச்சை. அதற்கு மருத்துவமனையும் ஊசியும் கிருமிநீக்கிய திரவமும் பயிற்சி பெற்ற கைகளும் தேவை. சிற்றூரில் இவற்றுள் ஒன்றும் இல்லை. சர்க்கரையோடு சேர்த்துக் கொடுத்தால் குடல் உப்பை ஈர்த்துக்கொள்ளும், அதனுடன் நீரும் செல்லும் என்பது உடலியல் அறிஞர் கண்ட உண்மை. 1968இல் ரிச்சர்ட் காஷ், டேவிட் நளின் எனும் இளம் அமெரிக்க மருத்துவர் இருவர், வாய்வழிக் கரைசலைக் கொடுத்தால் நரம்புவழி நீரின் தேவை 80 விழுக்காடு குறைகின்றது என டாக்காவில் மெய்ப்பித்தனர்.

1971இல் இலட்சக்கணக்கான ஏதிலிகள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்தின் பன்காவ் முகாம்களில் குவிந்தபோது காலரா பரவிற்று. நரம்புவழித் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் எனும் வங்க மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை உறவினர் கையிலேயே கொடுத்து ஊட்டச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 2022இல் மறைந்த அவருக்கு, மறுஆண்டு பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

மருந்து கிடைத்துவிட்டது, இனி ஆய்வுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். முனைவர் ஆய்வின் தேவை இவ்விடத்தேதான் தொடங்குகின்றது.

நான்கு சொற்கள்

பிராக் எனும் பங்களாதேஷ் தொண்டு நிறுவனம், 1980 முதல் 1990 வரையிலான பத்தாண்டுகளில் 1.2 கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பி, இக்கரைசலை வீட்டிலேயே ஆக்கும் முறையைக் கற்பித்தது. மூன்று விரல் நுனியால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர்: இவ்வளவே. எழுத்தறியாத தாயும் அளந்து கலக்கக்கூடிய அளவுகள் அவை. கற்பித்து ஒரு மாதம் கழிந்தபின் வேறொருவர் சென்று தாய்மாருள் சிலரைச் சோதிப்பார். அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்துள்ளனர், கலந்து காட்டும் நீரில் உப்பு சரியாக உள்ளதா என்பவற்றைப் பொறுத்தே ஊழியருக்கு ஊதியம். நடந்த வீடுகளின் எண்ணிக்கைக்கு ஊதியமில்லை. பதிந்த அறிவுக்கே ஊதியம்.

தாய்மார் நன்றாகவே கற்றிருந்தனர். ஆயினும் குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டபோது, கரைசலைக் கொடுத்தோர் தொடக்கத்தில் மிகச் சிலரே என்பது தெரியவந்தது. அறிந்தும் செய்யாதது ஏன்? "அறியாமை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் ஆராய்ந்தனர். பல காரணங்கள் வெளிப்பட்டன. கற்பித்த ஊழியர் சிலருக்கே கரைசலில் நம்பிக்கை இல்லை. தம் வீட்டில் நோய் வந்தால் மாத்திரையையே நாடினர். குடும்பத்து ஆண்களிடம் எவரும் பேசவில்லை. எனவே அவர்கள் இதனை மதிக்கவில்லை. பின்னர்ப் பள்ளிவாசல்களிலும் சந்தைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் ஆண்களைக் கூட்டிப் பேச ஆண் ஊழியர்கள் நியமிக்கப்பட்டனர்.

எல்லாவற்றினும் நம்மைக் கவர்ந்தது மொழி சார்ந்த ஒரு காரணமாகும். மருத்துவர் 'வயிற்றுப்போக்கு' என ஒரே சொல்லால் சுட்டுவதை, வங்க நாட்டுப்புறத் தாய்மார் நான்காகப் பகுத்திருந்தனர். பாலுண்ணும் குழந்தைக்கு வருவது 'தூத் ஹாகா'. செரிமானக் கோளாறால் வருவது 'அஜீர்ணோ', அஃதாவது நாம் வழங்கும் 'அஜீரணம்' எனும் அதே சொல். சளியோ குருதியோ கலந்து வருவது 'ஆமாஷா'. நீராய்க் கொட்டும் கொடிய வகை மட்டுமே 'டயரியா'. ஊழியர்கள் 'டயரியா'வுக்குக் கரைசல் கொடுக்கச் சொன்னார்கள். தாய்மாரும் தாம் 'டயரியா' எனக் கருதியதற்கே பெரிதும் கொடுத்தார்கள். அவர்கள் சொல் தவறவில்லை. கேட்டவர்கள்தாம் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என எண்ணியிருந்தனர்.

ஒரு சொல்லின் பொருளெல்லையை வரையறுக்க வாழ்நாளைச் செலவிடும் மொழி ஆசிரியர்களாகிய நமக்கு, இச்செய்தி ஒரு பாடமாகவே அமைந்தது. இவ்வாய்வுகளில் முன்னின்றவர்களுள் ஒருவரான முஷ்தாக் சௌதுரி மருத்துவர் அல்லர். டாக்காப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பயின்று, பின்னர் இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்றவர். பிராக்கை நிறுவிய ஃபஸ்லே ஹசன் ஆபெத் கணக்காயர். ஊசி போடத் தெரியாத இத்தகையோரின் உழைப்பால் ஒரு நாட்டின் குழந்தை இறப்பு குறைந்தது. வாய்வழிக் கரைசல் உலகெங்கும் 5 கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் காத்திருக்கும் என மதிப்பிடப்படுகின்றது. நண்பரின் கேள்விக்கு இதுவே முதல் விடை.

ஒரே கேள்வி, வேறு விடை

ஓரிடத்தில் ஒருமுறை மெய்ப்பித்தால் எல்லா இடத்துக்கும் பொருந்தாதா, மீண்டும் மீண்டும் ஆய்வு எதற்கு என்றும் கேட்கலாம். இதற்கு விடை நமக்கு அண்மையில், வேலூரில் கிடைக்கின்றது.

குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு ரோட்டா வைரஸ் ஒரு முதன்மைக் காரணம். மெக்சிகோவில் 200 குழந்தைகளைப் பிறப்பு முதல் ஈராண்டுக்காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. இருமுறை இயற்கையாகத் தொற்றுக்குள்ளான குழந்தைக்கு அதன்பின் கடும் நோய் வரவில்லை என அது காட்டியது. தடுப்பு மருந்து குறித்த நம்பிக்கையை அது வளர்த்தது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் குழுவினர், நகரின் ஏழ்மைப் பகுதிகளில் 373 குழந்தைகளை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 2011இல் வெளியான அவ்வாய்வின் முடிவு வேறாக இருந்தது. இங்குத் தொற்று மிக இளவயதிலேயே வந்தது. மீண்டும் மீண்டும் வந்தது. மூன்று முறை தொற்றியபின்னும் கடும் நோயிலிருந்து கிடைத்த காப்பு 79 விழுக்காடு மட்டுமே. மெக்சிகோவின் விடையை அப்படியே வேலூருக்குப் பொருத்தியிருந்தால், தடுப்பு மருந்தின் பயனை நாம் தவறாகக் கணித்திருப்போம்.

காங் அவர்கள் மருத்துவப் பட்டமும் மருத்துவ மேற்படிப்பும் முடித்த பின்னரே முனைவர் ஆய்வை மேற்கொண்டவர் என்பதும் நோக்கத்தக்கது. மருத்துவருக்கும் இப்பயிற்சி தனியே தேவைப்படுகின்றது.

நம்பிக்கை எனும் முதல்

ஆய்வின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. 1996இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்று சுமார் 200 குழந்தைகளிடம் தன் புதிய மருந்தைச் சோதித்தது. பாதிப்பேர் ஒப்பீட்டு மருந்து பெற்றனர். 11 குழந்தைகள் இறந்தனர்; அவர்களுள் ஐவர் புதிய மருந்தும் அறுவர் ஒப்பீட்டு மருந்தும் பெற்றவர்கள். இது சோதனை என்று தங்களுக்கு முறையாகச் சொல்லப்படவில்லை எனக் குடும்பத்தார் முறையிட்டனர். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. நெடிய வழக்குகளுக்குப் பின் 2009இல் கானோ மாநிலத்துடன் 7.5 கோடி டாலர் உடன்படிக்கை ஏற்பட்டது.

இடைப்பட்ட காலத்தில், 2003இல், அதே கானோவில் போலியோ சொட்டு மருந்து மறுக்கப்பட்டது. மருந்தில் மலடாக்கும் பொருள் கலந்திருப்பதாக வதந்தி பரவியது. அது பொய், ஆனால் அப்பொய் வேரூன்றுவதற்குரிய நிலம் முன்னரே உழப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் ஆக்கப்பட்ட மருந்தை ஏற்று 2004 ஜூலையில் சொட்டு மருந்துப் பணி மீண்டும் தொடங்கியது. அதற்குள் போலியோ நைஜீரியாவிலிருந்து, அந்நோய் ஒழிந்திருந்த பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. கால் முடங்கிய குழந்தைகளுள் பெரும்பாலோர் நம் சமயத்தைச் சார்ந்தவர்களே. ஆப்பிரிக்க வட்டாரம் இயற்கைப் போலியோ வைரஸ் அற்றதெனச் சான்றளிக்கப்பட 2020 ஆகஸ்ட் வரை காத்திருக்க நேர்ந்தது. ஓர் ஆய்வின் மீது விழுந்த ஐயம் வேறொரு நோயின் வடிவில் வந்து பழிதீர்த்துக்கொள்ளும் என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டுவதில்லை.

ஆய்வின் பயன் யாரைச் சேரும் என்பது மற்றொரு வழக்கு. செல்வ நாட்டு ஆய்வாளர் வந்திறங்கிக் குருதி மாதிரிகளையும் விவரங்களையும் திரட்டிச் சென்று தம் பெயரில் வெளியிடுவதும், உள்ளூரார்க்கு ஒன்றும் திரும்பாததும் நெடுங்கால வழக்கமாக இருந்தன. 2007இல் இந்தோனேசியா, பறவைக் காய்ச்சல் கிருமி மாதிரிகளைப் பகிர மறுத்தது. தம் மக்களிடம் எடுத்த கிருமியைக்கொண்டு ஆக்கிய தடுப்பூசி, தமக்கு எட்டாத விலையில் விற்கப்படுவது நீதியன்று என்பது அதன் வாதம். அதன் விளைவாக 2011இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ்க் கிருமி மாதிரிகளையும் அவற்றின் பயனையும் ஒருங்கே பகிர்வதற்கான ஏற்பாடு ஒன்று உருவாயிற்று.

இந்நிகழ்ச்சிகளால் வெறுப்புற்று ஆய்வையே புறக்கணித்தல் தீர்வாகாது. எண்ணப்படுவோராக மட்டும் இருக்கும் சமூகம், எண்ணுவோரையும் தன்னிடமிருந்து உருவாக்குதலே தீர்வாகும்.

ஆய்வுப் பாதை

இனி இப்பட்டத்திற்கான வழியைச் சுருக்கமாகக் காண்போம். முனைவர் பட்டங்களுள் இருவகை உண்டு. ஒன்று, புத்தறிவு படைத்தலை நோக்கமாகக் கொண்ட 'பி.எச்டி.' மற்றொன்று, சுகாதாரப் பணிகளைத் தலைமையேற்று நடத்துவோர்க்குரிய 'பொதுச் சுகாதார டாக்டர்' பட்டம். ஆய்வாளராகவோ ஆசிரியராகவோ விரும்புவோர் முன்னதையும், துறைப்பணியில் முன்னேற விரும்புவோர் பின்னதையும் நாடுதல் பொருந்தும்.

அமெரிக்காவில் முதலீராண்டுகள் பாடங்களும் தேர்வுகளும் அமையும். முழுப்பட்டத்துக்கு நான்கு முதல் ஆறாண்டுகள் ஆகலாம். பிரிட்டனில் தொடக்கத்திலிருந்தே ஆய்வு. மூன்று அல்லது நான்காண்டுகள். அங்கு இறுதி வாய்மொழித் தேர்வு தேர்வாளர் இருவர் முன் மூடிய அறையில் நடக்கும். சுவீடனிலோ ஊரறிய நடக்கும். 'எதிர்வாதி' எனவே ஒருவர் நியமிக்கப்படுவார். அதற்கு மூன்று வாரம் முன்பே ஆய்வேட்டை அனைவரும் காண ஆணியால் அறைந்து வைக்கும் வழக்கமும் உண்டு. இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி குறைந்தது மூன்றாண்டுகள், மிகுந்தது ஆறாண்டுகள். பெண்களுக்கு மேலும் ஈராண்டுச் சலுகையும், 240 நாள்கள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. திருவனந்தபுரத்தின் அச்சுத மேனன் மையம், தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவ மையம், சென்னையிலுள்ள தேசியக் கொள்ளைநோயியல் நிறுவனம் ஆகியன நம் நாட்டில் இத்துறையில் பெயர்பெற்றவை. வெளிநாடு செல்வோர்க்குக் காமன்வெல்த் உதவித்தொகையும் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியின் உதவித்தொகையும் கருதத்தக்கவை.

எந்நாடாயினும் வேலையின் ஒழுங்கு ஒன்றே. முதலில், இதுவரை எழுதப்பட்டவற்றைப் படித்து முடிக்க வேண்டும். பிறர் விடைகண்ட கேள்வியை மீண்டும் கேட்பது வீண். பின்னர்க் கேள்வியைக் குறுக்க வேண்டும். "ஏழைகளின் உடல்நலம்" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. "இவ்வட்டாரத்தில் இம்மருந்தைப் பெற்ற தாய்மாருள் எத்தனை பேர் அதனை உண்டனர், உண்ணாதோர் கூறும் காரணம் யாது?" என்பது கேள்வி. அதன்பின் முறை: யாரை, எத்தனை பேரை, எவ்வாறு தெரிந்தெடுப்பது? அடுத்து அறநெறிக் குழுவின் ஒப்புதல். 1964இல் உலக மருத்துவச் சங்கம் வெளியிட்ட ஹெல்சின்கி அறிக்கையும் அதன் திருத்தங்களும் இதற்கு அடிப்படை. தெளிவாக எடுத்துரைத்து, வற்புறுத்தலின்றிப் பெறும் இசைவே இசைவாகும்; புரியாத தாளில் வாங்கிய கைரேகை இசைவன்று.

இறுதியில் வருவதே கடினமானது: தாம் எதிர்பார்த்தற்கு மாறாக விடை வருமாயின், அதனையும் அவ்வாறே எழுதுதல். ஹதீஸ் கலையில், தம் கருத்துக்கு அரண் செய்யும் அறிவிப்பாயினும் அறிவிப்பாளர் தொடரில் குறையிருப்பின் அதனை மறைக்காமல் எழுதிய அறிஞர்களின் நேர்மையை நாம் மாணவர்க்கு எடுத்துரைப்பதுண்டு. இங்கும் வேண்டப்படுவது அந்நேர்மையே.

இப்பாதையில் தொல்லைகளும் உண்டு. உதவித்தொகை ஆய்வுக்கு முன்பே முடிந்துவிடலாம். வழிகாட்டி வேறு ஊருக்குப் போய்விடலாம். களப்பணியில் மழையும் நோயும் ஐயப்பார்வையும் எதிர்ப்படும். பட்டம் பெற்றோர்க்கெல்லாம் உடனே தக்க வேலை கிடைப்பதுமில்லை. இவற்றை அறிந்தே இறங்குதல் நலம்.

முடிவாக

1984 முதல் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் தாய்சேய் நலம் பற்றிய வீட்டுவாரிக் கணக்கெடுப்புகளுக்குத் துணைநின்ற பன்னாட்டுத் திட்டத்துக்கான நிதியை அமெரிக்க அரசு 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. எண்ணற்ற முனைவர் ஆய்வேடுகள் அவ்விவரங்களின் மீதே எழுந்தவை. பிறர் பொருளால் நம்மை எண்ணும் ஏற்பாடு எந்நாளும் நில்லாது என்பதை இது உணர்த்துகின்றது. தன் குழந்தைகள் எத்தனை பேர் பிறந்தனர், எத்தனை பேர் ஏன் இறந்தனர் என்று அறியாத சமூகம், தன் துயரைப் பிறரிடம் எடுத்துரைக்கவும் இயலாது.

இவற்றையெல்லாம் நண்பரிடம் எடுத்துரைத்தோம். மகள் எதைப்பற்றி ஆராய விரும்புகின்றார் என அவர் அதுவரை கேட்கவில்லை. பின்னர்க் கேட்டறிந்து வந்து சொன்னார்: கருவுற்ற தாய்மார்க்கு அரசு வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிச் சென்றும் பலர் உண்பதில்லை, "சூடு" என்று ஒதுக்குகின்றனர். அச்சொல்லால் அவர்கள் எதைக் குறிக்கின்றனர் என்பதே அப்பெண்ணின் கேள்வியாம். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்த நண்பர், "இவளைச் சுமந்தபோது இவள் உம்மாவும் அந்த மாத்திரையை அலமாரியில்தான் வைத்திருந்தாள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை" என்றார்.

வாசகர்களுக்கு நாம் கூற விழைவது இரண்டு. நம் இல்லத்துப் பெண்மக்களும் ஆண்மக்களும் இத்துறையை நாடினால், 'டாக்டர்' எனும் சொல்லின் மயக்கத்தால் அவர்களைத் தடுக்க வேண்டா. அந்நியர் நுழைய இயலாத அடுப்படி வரை சென்று கேட்டறியும் வாய்ப்பு நம் பெண்களுக்கு உண்டு. அடுத்து, நாளை நம் தெருவில் ஓர் ஆய்வாளர் வந்து கதவைத் தட்டினால், நான்கு கேள்விகளைக் கேட்போம்: நீங்கள் எந்த நிறுவனத்தவர்? எதற்காகக் கேட்கின்றீர்கள்? மறுக்க எமக்கு உரிமை உண்டா? முடிவை எமக்கு எப்போது வந்து சொல்வீர்கள்? தக்க விடை தருவாராயின், அவரை உள்ளே அழைத்து அமரச் செய்து, உள்ளதை உள்ளபடி சொல்வோம்.